அடுப்படியில் ஒரு ஜெப அறை

"தனி ஜெபமா? அது போராட்டத்தை விட்டு ஓடுவதல்லவா?" என்று தோழர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008-இல் தாக்கப்பட்டார்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் நம்மைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், அறைக்குள் போய்க் கதவை மூடி ஜெபிக்கச் சொல்கிறார் இயேசு. நம் காலனி வீடுகளில் தனி அறை ஏது? விடியுமுன் அடுப்படியில் முக்காடிட்டு முழங்காலிடுவார்கள் நம் அம்மாக்கள். அங்கே முன்வரிசை, பின்வரிசை கிடையாது. கோயிலில் விழுங்கிய அவமானத்தை அங்கேதான் கடவுளிடம் கொட்டினார்கள். அவரோடு சண்டையும் போட்டார்கள். தாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்பதை, எந்தப் போதகரும் சொல்லுமுன் அங்கேயே அறிந்துகொண்டார்கள்.

ஆகவே தனி ஜெபத்தை நாம் விட்டுவிட வேண்டாம். "ஜெபம் பண்ணுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி நம் மனுவை வாங்க மறுப்பவர்களிடம் அதை ஒப்படைக்கவும் வேண்டாம். கதவை மூடி ஜெபிப்போம். பிறகு கதவைத் திறந்து, மனுவை எடுத்துக்கொண்டு சேர்ந்து கிளம்புவோம்.