சாந்தும் சாந்தமும்

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையில் அமைந்துள்ளது புல்ஹாம் அரண்மனை. முதலில் கத்தோலிக்க ஆயர்களும், பின்னர் ஆங்கிலிக்கன் ஆயர்களும் வாழ்ந்த இம்மனையை விட்டு 1973-இல் ஆயர்கள் நீங்கினர். இன்று அதன் தோட்டத்தில் எவரும் கட்டணமின்றி உலாவலாம். நாமும் உலாவினோம்.

தோட்டத்தின் செங்கல் மதில் மிகப் பழைமையானது. தேனீக்கூடைகள் வைப்பதற்கென, நம் வீட்டு விளக்கு மாடங்கள்போல் அதில் மாடங்கள் உண்டு.

இத்தகைய மதிலைச் செப்பனிட வல்லோர் சிமெண்டை நாடுவதில்லை. பழஞ்செங்கல் மெல்லியது, சிமெண்டோ வன்மையானது. ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலுக்குள் தங்கும். குளிரில் உறைந்து விரியும். செங்கலின் முகமே பெயர்ந்து விழும். ஆகவே சுண்ணாம்புச் சாந்தையே இடுகின்றனர். அது மெல்ல இறுகும், ஈரத்தை வெளிவிடும், தேய நேர்ந்தால் தான் தேய்ந்து செங்கலைக் காக்கும். நம் பழைய ஆலயங்களைக் கட்டிய கொத்தனார்களும் அறிந்திருந்த சாந்தன்றோ அது!

குடும்பங்களிலும் விரிசல் நேர்வதுண்டு. நியாயம் நம் பக்கமே என்று வன்சொல்லால் அதை அடைக்க முயன்றால், உடைபவர் மெலியவரே. இணைக்க வருபவர், இணைக்கப்படுவோரினும் மென்மையாய் இருத்தல் வேண்டும். தாமே தேயவும் துணிதல் வேண்டும். சிலுவையில் நம் ஆண்டவர் காட்டிய வழியும் இதுவே.