செம்பும் சொப்பும்

தமிழிலக்கணம் கற்பிக்கும் எனக்கு மரபணுவியலுக்குள் வாயிலாக அமைந்தது ஒரு சொல்லிணை. செம்பு என்பதே வலித்துச் செப்பு ஆயிற்று. இன்று செம்பு தண்ணீர் முகக்கிறது; செப்போ பேச்சில் சொப்பாகி, குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. வீட்டு வேலைக்கு ஒன்று இருப்பதால்தான் மற்றது விளையாடப் போக முடிந்தது என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு.

1970-இல் வெளிவந்த தம் நூலில் சுசுமு ஓனோ மரபணுக்களைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. இனச்செல்கள் உருவாகையில் நேரும் பிசகால் சில வேளை ஒரு மரபணு இரண்டாகிவிடுகிறது. ஒன்று பழைய கடமையைத் தொடர, மற்றதில் நேரும் மாற்றங்கள் உயிரைக் கெடுப்பதில்லை. உபரிப் படிகளில் பெரும்பாலானவை பழுதுபட்டு ஊமையாகின்றன. சில, பழைய வேலையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. மிகச் சிலவே புதுத் தொழில் கற்கின்றன.

அத்தொழில் எப்போதும் விளையாட்டாக இருப்பதில்லை. நம் கணையத்தில் கொழுப்பைச் செரிக்க உதவும் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதிக்குப் பாம்பின் நஞ்சில் உறவினர் உண்டு. கட்டுவிரியனில் அந்த உறவினர் நரம்பு முனைகளைத் தாக்கும் ஆயுதம். செரிக்கும் மரபணு ஒன்று இரட்டித்து, கொல்லக் கற்றுக்கொண்டது.

பிள்ளைச்சாவடியில், தரையில் பாய் விரித்து உறங்கிய அண்டை வீட்டு மீனவப் பெண்மணி ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் கட்டுவிரியன் தீண்டியது. வலியில்லை, வீக்கமில்லை. விடிந்தபோது அவரால் இமைகளைத் திறக்க முடியவில்லை. நச்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் அவரை மீட்டன.

அம்மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி எங்கள் ஊர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் சேகரிக்கப்படுகிறது. ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள் 1978-இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது.

ஆனால் இரட்டித்தல் இன்னும் ஓயவில்லை. 2020-இல் இந்திய நாகத்தின் மரபணுத் தொகுதியைப் படித்தறிந்தவர்கள், 33 நச்சுக் குடும்பங்களைச் சேர்ந்த 139 மரபணுக்களைக் கண்டனர். குடும்பத்துக்குள் படிகள் பெருகுவதும் திரிவதும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் பிடித்த பாம்புகளின் நஞ்சால் ஆன மருந்து, தொலைவிலுள்ள மாநிலங்களில் அதே அளவு பலிப்பதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கின்றனர் என்பது ஓர் ஆய்வின் மதிப்பீடு. மருந்து ஒரே பாடத்தை ஓதிக்கொண்டிருக்க, நஞ்சோ ஊருக்கு ஊர் பாடபேதங்களோடு எழுதப்பட்டு வருகிறது. வட்டாரந்தோறும் நஞ்சு சேகரித்து மருந்து செய்யுங்கள் என்று அறிவியலாளர் கேட்பது இதனால்தான். சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் மரபில் வந்த நமக்கு, அக்கோரிக்கையின் நியாயம் எளிதில் விளங்கும்.