சோக்கா, சென்சாரா?

குன்னூரில் ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய அம்மாவுக்கு மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எட்டு மணிக்கு டோக்கன் என்றால் விடியற்காலை ஐந்துக்குள் கிளம்பியாக வேண்டும். பஸ்ஸில் அம்மாவால் முடியாது, ஒவ்வொரு தடவையும் டாக்ஸி கட்டுப்படியாகாது. கையில் இருந்தது 80,000 ரூபாய். அந்தக் காசுக்கு என்ன வரும்? மாருதி 800 வரும். அதுவும் தலை நரைத்த மாருதி 800 :)

பார்த்த வண்டிகளில் இரண்டு தேறின. ஒன்று 1999 மாடல், கார்புரேட்டர். ஒரே ஓனர், பெயிண்ட் பளபள, விலை 45,000. இன்னொன்று 2007 மாடல், எம்.பி.எஃப்.ஐ. மூன்று கை மாறியது, கதவில் ஒடுக்கு, விலை 75,000. ஆசிரியருக்கு மனசு முழுக்க முதல் வண்டி மேல்தான். மிச்சம் 35,000 கையில் நிற்குமே!

கார்புரேட்டர் ரொம்ப எளிமையான சாமான். எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போகும். குறுகலில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறையும். பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், ஜெட் என்கிற பொடி ஓட்டை வழியாக இழுபட்டுத் தூவலாக வரும். அந்தக் காலத்துக் கொசு மருந்து பம்ப் வேலை செய்வதும் இப்படித்தான்.

எம்.பி.எஃப்.ஐ.யில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர். காற்றின் அழுத்தம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள் என்று சென்சார்கள் சொல்ல, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு இன்ஜெக்டரைச் சில மில்லி செகண்டுகள் மட்டும் திறந்து மூடும். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதம் தவறினால் சைலன்ஸர் பக்கம் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யாது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தில்லி வட்டாரத்துப் புதுக் கார்கள் ஓராண்டுக்குள் யூரோ 2 தரத்துக்கு வரவேண்டும் என்று சொன்னது. 2000-ல் மாருதி 800-க்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. பைக்குகளில் கார்புரேட்டர் அதற்குப் பிறகும் 20 வருடம் தாக்குப் பிடித்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்துதான் அதை ஓரங்கட்டியது.

இதெல்லாம் சமவெளிக்காரர்களுக்குச் சரி. குன்னூர்க்காரருக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். மேலே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் ஜெட்டுக்கு அது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலை அது குறைக்காது. கீழே ட்யூன் பண்ணிய வண்டி மேலே வந்தால் கரும்புகை தள்ளும், பிளக் கறுக்கும், மைலேஜ் போகும். மேலே ட்யூன் பண்ணினால் கீழே பெட்ரோல் போதாமல் திணறும். மாதம் இரண்டு தடவை ஏறி இறங்கும் வண்டியை எங்கே ட்யூன் பண்ணுவது, பர்லியாறிலா? (மலையில் எம்.பி.எஃப்.ஐ.க்கும் சக்தி குறையத்தான் செய்யும். காற்றே இல்லாமல் அது என்ன செய்யும், பாவம். ஆனால் கலவை கெடாது.)

டிசம்பர் குளிரில் சோக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் சூடாகும்வரை ஆக்ஸிலரேட்டரை வருடிக்கொண்டே உட்கார்ந்திருப்பது தனிக் கதை. மதியம் திரும்பி ஏறும்போது இன்னொன்று. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டிக்கொண்டால் பம்ப்பால் இழுக்க முடியாது. அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் பம்ப்பில் ஈரத்துணி சுற்றிவிட்டுப் பாலத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தது இதனால்தான். எம்.பி.எஃப்.ஐ.யில் பெரும்பாலும் டாங்கிக்கு உள்ளேயே மின்சார பம்ப். அழுத்தத்தோடு தள்ளுவதால் இந்தத் தொல்லை அபூர்வம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆசிரியர் குழம்பினார். காரணம் மெக்கானிக் பாய்.

"வாத்தியாரே, கார்புரேட்டர் நின்னா ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு துணி, அரை மணி நேரம். ஜெட்டை ஊதி மாட்டினா ஓடிரும். பேட்டரி வீக்கா? தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாம். இதுல பம்ப் போச்சுன்னா எத்தனை பேர் தள்ளினாலும் வண்டி அசையாது. அம்மாவ வச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள நிப்பீங்களா?"

நியாயமான கேள்வி. எம்.பி.எஃப்.ஐ. பம்ப் பல சமயம் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். பெட்ரோலை அடிமட்டத்தில் வைத்தே ஓட்டுபவர்களுக்குச் சீக்கிரம் போகும். ஏனென்றால் அந்த பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

ஆசிரியர் கேட்டார்: "சரி பாய், நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு?"

பாய்க்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். ஷெட்டில் இருக்கும் அவர் மகன் கையில் எப்போதும் ஸ்கேனர். கார்புரேட்டரைக் கண்டால் "வாப்பா வரட்டும்" என்பான். பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே இன்னொன்றையும் சொன்னார். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அளவு மாறாத ஜெட்டில் கலவை மெலிந்துபோகும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி ஓரளவுக்குச் சமாளித்துக்கொள்ளும். பழைய ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் இரண்டு வண்டியிலுமே ஊறிக் கெடலாம். அதை மாற்றித்தான் ஆகவேண்டும்.

ஆசிரியர் 2007 வண்டியை எடுத்தார். பேரம் பேசி 71,000. மிச்சக் காசோடு அந்த மாதச் சம்பளத்தில் கொஞ்சம் போட்டு, முதல் வேலையாக பம்ப், ஃபில்டர், ஹோஸ், பேட்டரி நான்கையும் மாற்றினார். பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. ஒடுக்கு விழுந்த கதவு அப்படியேதான் இருக்கிறது. அது அம்மா உட்காரும் பக்கம். இழுத்து அறைந்தால்தான் மூடும்.

1999 வண்டி விற்காமல் ரெண்டு மாதம் நின்றது. கடைசியில் 38,000 கொடுத்து பாயே எடுத்துக்கொண்டார்.