பாலைக்குப் போகாத வண்டி

இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாவலும் கவிதையும் பேசப்படும் பக்கத்தில் பிஸ்டனுக்கும் சைலன்சருக்கும் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் எட்டாண்டுகள் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக இருந்த வண்டி அது. அதைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிவைக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். எழுத உட்காருமுன் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். இந்தக் கட்டுரையில் 'நான்' வராது. காரணம் போகப்போக விளங்கும்.

வண்டியின் பெயர் யமஹா டிடிஎம் 850. 2004-இல் மியூனிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1997-இல் செய்யப்பட்ட ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். வாங்கும்போது அதன் வம்சாவளி எங்களுக்குத் தெரியாது. பார்ப்பதற்கு உயரமாக, எங்கும் போகக்கூடியது போல இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

அந்த வம்சாவளியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து செனகல் நாட்டின் டக்கார் நகரை நோக்கி முதல் பாலைவனப் பந்தயம் புறப்பட்டது. மோட்டார் சைக்கிள் பிரிவில் வென்றது யமஹாவின் 500 சிசி வண்டி. அடுத்த பத்தாண்டுகளில் அந்த மணல்வெளியின் கனவு ஐரோப்பியக் கடைத்தெருவுக்கு வந்துசேர்ந்தது. 1980-இல் பிஎம்டபிள்யூவின் ஆர் 80 ஜி/எஸ், 1988-இல் ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின், 1989-இல் யமஹாவின் சூப்பர் டெனெரே. டெனெரே என்பது நைஜர் நாட்டுச் சஹாராவில் ஒரு பெரும் பாழ்நிலம். அதன் பெயரைத் தாங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை மணலைப் பார்த்ததேயில்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே தார்ச்சாலையில் ஓடித் தேய்ந்தன. ஒருபோதும் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் தடித்த ருஷ்ய நாவல்களைப் போலத்தான். இதில் ஏளனம் எதுவுமில்லை. எங்கள் அலமாரியிலும் அவை இருக்கின்றன.

1991-இல் வந்த டிடிஎம் 850 இந்தப் பாவனையைக் கைவிட்ட வண்டி. சூப்பர் டெனெரேயின் இரட்டை சிலிண்டர் என்ஜினை 849 சிசிக்குப் பெருக்கி, சாலைக்கான சட்டகத்தில் அமர்த்தினார்கள். 21 அங்குல முன்சக்கரம் 18 ஆயிற்று. கம்பிச் சக்கரத்துக்குப் பதில் வார்ப்புச் சக்கரம். பாலைவன வண்டியிடமிருந்து அது எடுத்துக்கொண்டவை நிமிர்ந்த இருக்கையும், அகன்ற ஹேண்டில்பாரும், குண்டும் குழியுமான மலைச்சாலையைப் பொறுத்துக்கொள்ளும் சஸ்பென்ஷனும் மட்டுமே. பாலைவனத்தை விட்டுவிட்டது. அமெரிக்காவில் அதிகம் விலைபோகாமல் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவிலோ மலைச்சாலைகளை அறிந்தவர்கள் அதை விரும்பினார்கள்.

இதையெல்லாம் நாங்கள் பின்னால்தான் படித்தோம். 2006 ஆகஸ்டில், இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறிய அன்று, எங்கள் வண்டியும் பாலைவன வண்டிதான் என்றே நம்பியிருந்தோம்.

1825-இல் ஆஸ்திரியப் பேரரசு கட்டி முடித்த சாலை அது. பிராட் என்னும் ஊரிலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் இங்கே சாலை 2757 மீட்டர் உயரம் வரை போகிறது. எதிரே ஓர்ட்லர் சிகரம் பனியோடு நிற்கிறது. வண்டி ஒவ்வொரு வளைவிலும் தானே சாய்ந்து தானே நிமிர்ந்தது. அன்று உச்சியில் நின்றபோது இருந்த கர்வம் இப்போதும் நினைவிருக்கிறது.

உச்சியிலிருந்து சற்று இறங்கினால் ஸ்விட்சர்லாந்துப் பக்கம் ஒரு கிளைச்சாலை பிரிகிறது. உம்ப்ரைல் கணவாய். அதில் ஓரிடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் தார் போடாத சரளைப் பாதை என்று கேள்விப்பட்டிருந்தோம். சாகசத்துக்கு அவ்வளவு போதும் என்று தோன்றியது. அதன் இரண்டாவது வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. முன்பிரேக்கைப் பிடித்திருக்கக் கூடாது. பிடித்தோம். சாலைக்கான டயரோடு, இரண்டு ஆள் பாரத்தோடு, அந்த வேகத்தில் அங்கே போயிருக்கவே கூடாது. வண்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எங்களில் ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது. மேலிருந்து வந்த முதிய தம்பதியர் காரை நிறுத்தி எங்களைப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார்கள். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. கூடாமல் நின்றது வேறொன்று.

அந்தப் பாதையில் போகலாம் என்று முதலில் சொன்னது யார்? "நீதான் சொன்னாய்." "வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கலாமே?" குளிர்காலம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்கள் வெவ்வேறு வேடங்களில் எங்கள் வீட்டில் உலவின. சமையலறையில், மின்கட்டண ரசீதின் மேல், ஊருக்குத் தொலைபேசியில் என்ன சொல்வது என்ற பேச்சில். கல்லூரிக் காலம் முதல் பிரியத்தோடு சொல்லிவந்த 'நீ' என்ற சொல்லே சுட்டுவிரலைப் போல ஆகிவிட்டது. வண்டி கீழ்த்தளத்தில் கீறல்களோடு நின்றது. அதை விற்றுவிட்டு இருவரும் தனித்தனியாக இருந்து பார்க்கலாம் என்ற பேச்சுகூட ஒருநாள் எழுந்தது.

விற்பதற்காகத்தான் மார்ச் மாதத்தில் அதைத் துடைக்க இறங்கினோம். ஒருவர் துடைக்க, மற்றவர் பழுதுபார்க்கும் கையேட்டைப் புரட்டினார். என்ஜினைப் பற்றிய ஒரு செய்தி அப்போதுதான் புரிந்தது. தொடக்க கால டிடிஎம்மில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். உச்சியை எட்டும்போது இரண்டும் ஒரே கணத்தில் நின்றுபோகும். 1996-இல் கிராங்கை மாற்றினார்கள். 270 பாகை இடைவெளி. ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும் தருணத்தில் மற்றது ஏறக்குறைய தன் முழு வேகத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து நிற்பதேயில்லை. வெடிப்புகள் சம இடைவெளியில் வராமல் 270, 450 என்று மாறிமாறி வருவதால்தான் அந்தத் தடுமாறும் தாளம்.

கையேட்டைப் படித்தவர் அதை உரக்க வாசித்தார். துடைத்தவர் கையை நிறுத்திக் கேட்டார். பிறகு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. விற்பனை விளம்பரம் கொடுக்கவுமில்லை.

2008 கோடையில் மீண்டும் ஸ்டெல்வியோ ஏறினோம். உம்ப்ரைல் பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சிறிது நேரம் அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிரூபிப்பதற்கு எதுவுமில்லை என்று இருவருக்கும் தோன்றியது. எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்வதில் ஒரு வண்டிக்கு இழுக்கு எதுவுமில்லை. தார்ச்சாலையிலேயே போர்மியோவுக்கு இறங்கினோம். யார் ஓட்டினார் என்று சொல்லப்போவதில்லை. 2006-இல் யார் ஓட்டினார் என்பதையும்.

2012-இல் நாடு திரும்பும்போது ஓர் இளைஞனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தோம். சரளையில் மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னோம்.

அந்த 270 பாகை கிராங்க் இன்று பரவலாகிவிட்டது. 2019-இல் வந்த யமஹா டெனெரே 700, மணலுக்கென்றே செய்யப்பட்ட வண்டி, அதன் என்ஜினும் இதே முறைதான். பாலைவனத்தை விட்டு வெளியேறிய வண்டியிடம் பழகிய தாளத்தைப் பாலைவன வண்டியே எடுத்துக்கொண்டது.

எங்களுக்கு இந்தச் செய்தி வேறு வழியில் வந்தது. 2019-இல் ஒரு மாலை, திருவான்மியூர் சிக்னலில் காரில் காத்திருந்தபோது, பின்னாலிருந்து அந்தத் தடுமாறும் தாளம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. முந்தைய ஆண்டு சந்தைக்கு வந்த, சென்னைக்கு அருகே செய்யப்படும் வண்டி. அதன் கிராங்கும் 270 பாகைதான். பச்சை விளக்கு விழுந்தும் நாங்கள் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

உம்ப்ரைலின் அந்தச் சரளைத் துண்டுக்கு 2015-இல் தார் போட்டுவிட்டார்கள். நாங்கள் விழுந்த மண் இப்போது கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். இனி அங்கே போனால் இடத்தைக் காட்டவும் முடியாது. யார் முதலில் சொன்னது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை. இப்போது ஒவ்வொருவரும் அதைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளவே போட்டியிடுகிறோம்.