ஒரு குடத்துக்கு மூன்று குடம்

செல்லூர்வாசிகளுக்குத் தண்ணீரில் இரண்டு ஜாதி. வைகை அணையிலிருந்து குழாயில் வருவது ஒன்று. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் இறைப்பது மற்றொன்று. முன்னதைக் காய்ச்சினால் போதும். பின்னதில் பருப்புகூட வேக யோசிக்கும்! குழாய் வராத நாட்களை உத்தேசித்து, எங்கள் வீட்டுப் பாத்திரத் தொட்டிக்கு அடியிலும் சுத்திகரிப்புக் கருவி குடியேறிவிட்டது.

வெகு சமர்த்து! ஒரு குடுவை வண்டலைப் பிடிக்கிறது. கரி, குளோரின் வாடையை உறிஞ்சுகிறது. நுண்ணிய சவ்வு உப்பை நிறுத்துகிறது. "சப்பென்று இருக்கிறதே!" என்றார் மாமியார்.

ஆனால், சகோதரிகளே, அதன் கூலியைக் கேட்டீர்களா? ஒரு குடம் நல்ல நீர் தர, சுமார் மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அடுத்த வீட்டு அக்கா லாரிக்காகக் குடத்தோடு காத்து நிற்கையில், அந்தச் 'சளசள' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மனம் வருமா?

ஆகவே, கழிவுக் குழாயை வாளிக்குள் திருப்பிவிட்டேன். பாத்திரம் துலக்க, தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற எல்லாம் அதுதான். செடிகளுக்கு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.

நீங்கள் வாங்குமுன் உங்கள் வீட்டுத் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள். 2012ஆம் வருஷத்து இந்தியத் தர நிர்ணயப்படி, கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது உத்தமம். அப்படியிருந்தால் உப்புக்காகச் சவ்வு தேவையே இல்லை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அதனால்தான் நான் சொல்கிறேன்!