பி இரண்டு, எல் ஒன்று

அதியமான்கோட்டை. செவ்வாய்க்கிழமை. சேலம் சாலையின் லாரி இரைச்சல் சுகாதார நிலையத்துக்குள்ளும் கேட்கிறது. வாசலில் செருப்புகள் இரண்டு ஜோடி, இரண்டு ஜோடியாகக் கிடக்கின்றன. கர்ப்பிணிகள் தனியாக வருவதில்லை.

பெஞ்சில் மடிமடியாய் மஞ்சள் பை. பைக்குள் தாய் சேய் நல அட்டை, ஆதார் நகல், வங்கிப் புத்தகம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் பற்றி இருவர் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி அட்டையின் பிக்மி எண்ணை விரலால் தடவிப் பார்க்கிறாள். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

எடை மிஷின் முள் ஆடுகிறது. நிற்கிறது. அடுத்தவள் ஏறுகிறாள்.

மேசைக்குப் பின்னால் நர்ஸ். அவர் பக்கத்தில் பயிற்சி மாணவி, கையில் புது நோட்டு. நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்: ஜி, பி, எல், ஏ.

“ஜி, எத்தனை தடவை மாசமானா. இப்ப இருக்கிறதையும் சேத்துக்கணும். பி, எத்தனை பிரசவம். எல், உயிரோட எத்தனை புள்ள. ஏ, கலைஞ்சது.”

“இரட்டைப் புள்ளன்னா சிஸ்டர்?”

“பி-ல ஒண்ணு. எல்-ல ரெண்டு.”

மாணவி எழுதிக்கொள்கிறாள்.

ஒரு பெண் வந்து ஸ்டூலில் அமர்கிறாள். இருபத்தைந்து வயதிருக்கும். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, நெற்றியில் காலபைரவர் கோயில் திருநீறு. புருஷனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாமியார் பின்னால் நிற்கிறார். கேள்விகள் மருமகளுக்கு, பதில்கள் மாமியாரிடமிருந்து.

“இது நாலாவது.”

“வீட்ல எத்தனை?”

“ஒரு பொண்ணு.”

“நடுவுல?”

“ஒண்ணு கலைஞ்சிது. ஒண்ணு பொறந்து மூணு நாளு. பால் குடிக்கல.”

மாணவி எழுதுகிறாள்: ஜி 4, பி 2, எல் 1, ஏ 1. கூட்டிப் பார்க்கிறாள். கணக்கு சரி. நோட்டை நகர்த்துகிறாள்.

நர்ஸ் இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே பேனாவை வைக்கிறார். பேனா எழுதவில்லை. தானாகக் கலைந்தாலும் கலைத்தாலும் ஏ ஒன்றுதான். அட்டையில் அதற்கு மேல் கட்டம் இல்லை.

சுவரில் தொட்டில் குழந்தைத் திட்டப் படம், ஓரம் மஞ்சளித்திருக்கிறது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய திட்டம். 2001-இல் தருமபுரிக்கும் வந்தது.

“அம்மா, வெளிய அண்ணன்கிட்ட ரத்த ரிப்போர்ட் இருக்கும். வாங்கிட்டு வாங்க.”

மாமியார் தயங்குகிறார். போகிறார். நர்ஸ் நாற்காலியை முன்னால் இழுக்கிறார். அவரது கேள்வி லாரி சத்தத்தில் கேட்கவில்லை. மருமகள் பதில் சொல்ல நேரமாகிறது. புடவை முந்தானை விரலில் சுற்றப்படுகிறது, பிரிகிறது, மறுபடி சுற்றப்படுகிறது. உதடு அசைகிறது. மாணவியின் பேனா மூடி கீழே விழுகிறது, அவள் எடுக்கவில்லை.

நர்ஸ் பதிவேட்டில் இரண்டு வரி எழுதுகிறார். அட்டையின் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

மாமியார் திரும்பி வருகிறார். ரத்தம் எட்டு புள்ளி இரண்டு. பதினொன்று வேண்டும்.

“ராகிக்களியோட முருங்கைக்கீரை. மாத்திரை போட்டதும் டீ குடிக்கக் கூடாது. நெல்லிக்காய் தின்னு.”

“சிஸ்டர், ஸ்கேன்ல இதாவது…”

நர்ஸ் நிமிரவில்லை. பேனா மட்டும் சுவர்ப் பக்கம் நீள்கிறது. கருவின் பாலினம் சொல்வதும் கேட்பதும் குற்றம் என்கிறது பலகை. சட்டத்தின் ஆண்டு 1994.

“பிரசவம் தருமபுரி பெரியாஸ்பத்திரியில. 108-க்கு அடிச்சா போதும். வீட்டுக்கு வந்ததும் மூணாம் நாளு நான் வரேன்.”

“அவ்வளவு தூரம் எதுக்கு சிஸ்டர்?”

“வருவேன். ஏழாம் நாளும் வருவேன்.”

மருமகள் மாத்திரை அட்டைகளைப் பையில் போடுகிறாள். முதல் தடவையாக நர்ஸின் முகத்தைப் பார்க்கிறாள்.

அடுத்த ஜோடி வருகிறது. மாமியார் உட்காருமுன்பே பேசத் தொடங்குகிறார். மாணவி நோட்டில் புதுப்பக்கம் திருப்புகிறாள்.

“அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பெஞ்சில உக்காருங்க,” என்கிறாள். “அக்கா சொல்லட்டும்.”