நூல் கணக்கு

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கதவைத் திறந்த மனைவி பைகளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். தரையில் இடமில்லை. கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி அடித்துவிடுவது என்று அன்றிரவே முடிவானது.

முதலில் வந்தவர் ஓர் உள்ளலங்கார நிறுவனத்து இளைஞர். லேசர் கருவியைச் சுவரில் காட்டி, 9 அடி அகலம், 7 அடி உயரம் என்று நான்கே நிமிடத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் கைபேசிக்குப் படம் வந்தது. நடுவில் டிவி, இரு பக்கமும் பூச்சாடிகள், ஒரு தட்டில் மூன்றே மூன்று புத்தகங்கள், அதுவும் சாய்ந்து. 63 சதுர அடி, சதுர அடிக்கு 1,650 ரூபாய். சுவரோரம் அடுக்கிக் கிடந்த புத்தகங்களை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பதிப்பகம் நடத்தும் நண்பரிடம் புலம்பினேன். "செங்கோட்டை ஆசாரி ஒருத்தர் இருக்கார், போய்ப் பாரு" என்றார்.

பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையின் பிளைவுட் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் அவருடைய பட்டறை. மர வாசனையை எதிர்பார்த்துப் போனால் பசை நெடிதான் மூக்கில் ஏறுகிறது. "மரம்னா மணக்கும் சார். பிளை நாறத்தான் செய்யும்" என்று சிரித்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. செங்கோட்டையில் அப்பாவோடு மரவாடிக்குப் போய், தேக்கில் நிலையும் கதவும் செய்து வளர்ந்தவர். 1983இல் சென்னைக்கு வந்திருக்கிறார். வந்த புதிதில் நிலை, கதவு, ஊஞ்சல் என்று எல்லாம் மரத்தில். பிறகு மெல்ல மெல்லப் பிளைவுட். அப்பாவின் இழைப்புளி சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு இறக்கிப் பொட்டு வைப்பதோடு சரி. பட்டறையில் ராஜஸ்தான் பையன்கள் இரண்டு பேர் சன்மைக்கா ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் பேசுவது தென்காசித் தமிழ், அவர்கள் பேசுவது இந்தி. நடுவில் 'இஞ்ச்' மட்டும் பொதுமொழி.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார். நான் சுவரைக் காட்டினேன்.

"செவுரு எங்கயும் போயிராது. மொதல்ல புஸ்தகத்தைக் காட்டுங்க."

கையில் ஏழடி நீள ரீப்பர் குச்சி ஒன்று கொண்டுவந்திருந்தார். நாலு பக்கமும் இழைத்து வழவழவென்று இருந்தது. நான் ஒவ்வொரு ரகமாக எடுத்து நீட்ட, குச்சியை நிறுத்திப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். டெம்மி அளவு எட்டரை அங்குலம், விரல் நுழைந்து எடுக்க மேலே ஓர் அங்குலம். கிரவுன் அளவு ஏழு, அதற்கு எட்டு. ஓவியப் புத்தகங்களுக்கும் அட்லஸுக்கும் மேல்தட்டு. குச்சியின் அடுத்த முகத்தில் அகல அளவுகள். டேப்பை அவர் இரண்டு தடவைக்கு மேல் தொடவில்லை. "டேப்புல படிச்சதைத் தாள்ல எழுதி, தாள்ல எழுதினதைப் பலகையில போடும்போது எங்கயாச்சும் ஒரு நூலு தப்பிரும். குச்சிக்கு நம்பரே கெடையாது, தப்பவும் தெரியாது."

தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓரடி நீளத்துக்குப் புத்தகங்களை நெருக்கி, இரு உள்ளங்கையாலும் இரு முனைகளை அழுத்தி அப்படியே தூக்கினார். ஒன்றுகூட நழுவவில்லை. "ஒம்பது கிலோ தாண்டும்." எடை பார்க்கும் கருவியில் வைத்தேன். 9.6.

படுக்கையறையில் பழைய அலமாரி ஒன்று உண்டு, தட்டு மூன்றரை அடி. அதன் இரு முனைகளுக்கும் ஒரு தையல் நூலை இழுத்துக் கட்டச் சொன்னார். நடுவில் பலகை நூலைவிட்டு இறங்கி, வயிறு தள்ளிக் கிடந்தது. பென்சில் முனையால் அளந்து, "அஞ்சு நூலு" என்றார். வாங்கி ஆறு வருடம்கூட ஆகவில்லை.

நிறுவனத்துப் படத்தில் நெடும்பலகைகளுக்கு இடையே மூன்று கண்ணிகள், ஒவ்வொன்றும் மூன்றடி. ஆசாரி அதை நான்காக்கினார், ஒவ்வொன்றும் இரண்டேகால் அடி. ஒரே ஒரு நெடும்பலகைதானே கூடுகிறது என்று நினைத்தேன். பலகையின் தொய்வு அகலத்தோடு நேர்க்கணக்கில் ஏறுவதில்லை; ஒரே சீராகப் புத்தகம் அடுக்கினால் அகலத்தின் நான்காம் மடிக்கு ஏறும். மூன்றடியை இரண்டேகாலாக்கினால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆசாரிக்கு இந்தச் சூத்திரம் தெரியாது, விடை தெரியும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் மூன்றடி வைக்கிறார்கள்? கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில்தான் எனக்குக் கோபம் வந்தது. காண்டிராக்டர்கள் அவருக்குக் கொடுப்பது சதுர அடிக்கு 380 ரூபாய் கூலி. சதுர அடி என்பது முன்முகம் மட்டும். ஆறு வரிசைக்கு மூன்று கண்ணி என்றால் 18 தட்டு, நான்கு கண்ணி என்றால் 24. ஆறு தட்டு கூடுதலாக அறுத்து, மூலைமட்டம் பார்த்து, திருகு முடுக்கினாலும் முன்முகம் அதே 63 சதுர அடிதான். கூலி ஒரு பைசா ஏறாது. உறுதியாகச் செய்கிறவனுக்கு நஷ்டம், தொய்ய விடுகிறவனுக்கு லாபம். நம் வீட்டுப் பலகைகள் தொங்குவதற்குப் பலகையைக் குறை சொல்கிறோம், ஆசாரியைக் குறை சொல்கிறோம். அளவுகோலை ஏந்தி நடுவில் நிற்கும் ஆளை யாரும் கேட்பதில்லை. பளபளப்பான படத்துக்கும் பூச்சாடிக்கும் காசு கொடுக்கத் தயங்காத நாம், ஒரு நெடும்பலகையைக் கூட்டச் சொல்கிற அனுபவத்துக்கு எங்கே விலை போட்டிருக்கிறோம்? சரி, பிரசங்கம் போதும். நானும் முதலில் சதுர அடி விலையைத்தான் விசாரித்தேன்.

அவரிடம் நாள் கூலியாகவே பேசி முடித்தேன். பொருளை நானே வாங்கினேன், நீர் தாங்கும் ரகம் என்று 710 முத்திரை போட்ட ஆறு நூல் பிளை. ஆழத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. படத்தில் 15 அங்குலம். "துணி அலமாரி அடிச்ச பழக்கம் சார். பதினஞ்சுல புஸ்தகம் ரெண்டு வரிசையா நிக்கும், பின்னால நிக்கிறதை நீங்க பாக்கவே மாட்டீங்க." எட்டுக்கு நாலு பலகையின் நாலடியை ஐந்து பட்டையாக அறுத்தால், வாள் தின்னும் ஒவ்வொரு நூலும் போக, பட்டைக்கு ஒன்பதரை அங்குலம். டெம்மிக்கு ஐந்தரை போதும். மிச்சம் ஒன்றும் விழவில்லை.

கீழே ஒன்றரை அடிக்குப் புத்தகமே கூடாது என்றார். மேற்கு மாம்பலத்தில் தரைத்தள வீடு, அவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு, இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஊறிப் பொரிந்த துகள்பலகை அலமாரிகளைக் கடப்பாரையால் நெம்பி வெளியே எடுத்துப்போட்டிருக்கிறார். எனவே அடியில் கதவு வைத்த பெட்டிகள், செருப்பும் மடக்கு நாற்காலியும் கொலுப் படிகளும் போட. பின்பலகைக்கும் சுவருக்கும் ஓர் அங்குலம் இடைவெளி. அந்தப் பக்கம் குளியலறை; ஈரம் வந்தால் கரையான் வரும். சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது ஏழடியில் அரை அங்குலம் சாய்வு. கொத்தனாரைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சன்மைக்கா ஒட்டிய மூன்று நாளும் நான் அலுவலகத்தில் இருந்தேன். பசை நெடி தாங்கவில்லை.

கடைசி நாள், எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, மூலையில் சாத்தியிருந்த குச்சியை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தார். எனக்குத் திக்கென்றது. "வேலை முடிஞ்சா ஒடிச்சிரணும் சார். இல்லைன்னா ஒங்க வீட்டு அளவு அடுத்த வீட்டுக்குள்ள போயிரும்."

ஒரு பாதியையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன், அது கீழ்ப் பாதி. அதில் இருந்தது செருப்புப் பெட்டியின் அளவும் ஒரே ஒரு தட்டின் கோடும்தான்.